பாட்டியின் மருந்துச்சீட்டு, பேத்தியின் பள்ளிக்கூடம்: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களிடையே பல்துறை ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீராம்புரத்திலோ அல்சூரிலோ ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மகன் கன்னட மீடியத்தில் படித்தவர். பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறார். பேத்தி ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது காலைல, இது ராத்திரிக்கு" என்று சொல்வது அந்தப் பேத்திதான். அவள் சரியாகச் சொல்கிறாளா? அதற்கு வேண்டிய படிப்பைப் பள்ளி தந்ததா? அந்தக் குடும்பத்தில் தமிழ் எழுத்து எந்தத் தலைமுறையில் நின்றுபோனது?

முதல் கேள்வி மருத்துவத்துக்கு, இரண்டாவது கல்வியியலுக்கு, மூன்றாவது வரலாற்றுக்கு. மூன்றையும் ஒரே ஆய்வில் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். ஆனால் மூன்று துறைகளுக்கும் பழக்கம் வேறு. வாய்மொழி வரலாற்றில் பேசியவரின் பெயரைச் சொல்வதே மரியாதை. சுகாதார ஆய்வில் பெயரை மறைப்பதுதான் கடமை. கல்வி ஆய்வில் பிள்ளையைச் சோதித்து மதிப்பெண் போடுவார்கள். ஒரே வீட்டு வாசலில் இந்த மூன்றும் மோதும். மோதல் எங்கே வரும் என்பதை மேசையிலேயே தீர்த்துக்கொண்டு களத்துக்குப் போவதற்கான வழி இது. முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். முதுகலை ஆய்வேட்டுக்கு எங்கே சுருக்கலாம் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறோம்.

1. கேள்வியை அளக்கக்கூடியதாக்குங்கள்

"மொழியும் நலமும்" என்று தொடங்கினால் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது. யார், என்ன, எங்கே, எந்த வயது என்று இறக்குங்கள். உதாரணமாக: "60 வயதைத் தாண்டிய, நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தினமும் மாத்திரை சாப்பிடும் தமிழர், அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10 முதல் 14 வயதுப் பிள்ளை, அந்தப் பிள்ளை மருந்து அட்டையையும் சீட்டையும் எவ்வளவு சரியாகப் படித்துச் சொல்கிறது?" இதிலிருந்து மூன்று கருவிகள் பிறக்கின்றன: பெரியவரிடம் நேர்காணல், மாத்திரைக் கணக்கு, பிள்ளைக்கு ஒரு வாசிப்புப் பணி. நான்காவது கருவி ஒன்றைச் சேர்க்கும் ஆசை கட்டாயம் வரும். சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கடைசி அரை மணி நேரத்துத் தரவு தேறாது.

2. பின்னணி: எந்த ஆட்சியின் கோப்பு என்று பார்த்துத் தேடுங்கள்

குடும்பங்களின் மொழி வரலாற்றை எழுத நகரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கன்டோன்மென்ட் என்ற பிரிட்டிஷ் படைக் குடியிருப்பு 1809இல் உருவானது. மதராஸ் படையோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. பின்னி மில் என்று எல்லோரும் சொல்லும் ஆலை 1884இல் தொடங்கியது. 1898 பிளேக்குக்குப் பிறகு புதுக் குடியிருப்புகள் எழுந்தன. இங்கே புதிதாக வரும் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: விதான சௌதாவிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் மைசூர் அரசின் கோப்புகளை மட்டும் புரட்டிவிட்டு, "தமிழர் பற்றி ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவது. 1881 முதல் 1947 வரை கன்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்து மைசூர் ரெசிடென்சியின், அதாவது பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதி அலுவலகத்தின், கோப்புகளைத் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். முதலில் அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் பார்த்துவிட்டு, பிறகு பயணத்தைத் திட்டமிடுங்கள். 1909இல் தொடங்கிய, நிருபதுங்கா சாலையிலுள்ள மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கத்தின் நூலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

கல்விப் பின்னணிக்கு இரண்டு செய்திகள் போதும். பயிற்றுமொழியாகத் தாய்மொழியை அரசு திணிக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ எல்லாப் பள்ளிகளிலும் படிக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம். ஆங்கிலமும் கன்னடமும் இடத்தைப் பிடித்துக்கொண்டபின் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் காதோடு நின்றுவிடுகிறது. உங்கள் கருவிகளின் மொழியை இந்த உண்மைதான் தீர்மானிக்கும்.

3. நெறிமுறைக் குழு

உங்கள் துறையின் உள்குழு ஒப்புதல் தந்துவிட்டது, போதும் என்று நினைக்க வேண்டாம். மாத்திரையை எண்ணுகிறீர்கள் என்றாலே அது சுகாதார ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இதற்குப் பொருந்தும். புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் குறித்த 2019 விதிகளின்படி, சுகாதார ஆய்வைப் பரிசீலிக்கும் குழு மத்திய சுகாதார ஆய்வுத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட குழு இல்லாவிட்டால், ஒரு மருத்துவக் கல்லூரியில் இணை வழிகாட்டி ஒருவரைத் தேடி அங்குள்ள குழுவுக்கு அனுப்புங்கள். தரவு திரட்டிய பிறகு ஒப்புதல் வாங்க வழியே கிடையாது. ஒப்புதல் இல்லாமல் எடுத்த பேட்டியை எந்த நல்ல ஆய்விதழும் ஏற்காது.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், எல்லா மொழிகளிலும் தகவல் தாள், ஒப்புதல் படிவங்கள், கேள்வித்தாள், மொழிபெயர்ப்புச் சான்று, உங்கள் தன்விவரம், அவசரப் பரிந்துரைத் திட்டம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வாங்கி இரண்டையும் சாப்பிடுவதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் மருத்துவர் அல்ல, "நிறுத்துங்க" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் வருவதும் தவறு. "இந்த ரெண்டு அட்டையையும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லி, அருகிலுள்ள 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவ மையத்தின் முகவரி அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, இணை வழிகாட்டியான மருத்துவருக்கு அன்றே தெரிவிப்பது என்று எழுத்தில் வையுங்கள். குழுவில் மருத்துவம் படிக்காத பொது உறுப்பினர் ஒருவர் இருப்பார். அவருக்குப் புரியாத தகவல் தாள் உங்களிடமே திரும்பி வரும்.

இதற்கு இரண்டு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். முதுகலை மாணவர்கள் இரண்டாம் பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

4. அனுமதிக் கடிதங்கள்

பள்ளி வழியாகப் பிள்ளைகளைச் சந்திப்பதானால் வட்டாரக் கல்வி அதிகாரியிடம், அதாவது பி.இ.ஓ.விடம், கடிதம் வாங்க வேண்டும். தலைமையாசிரியரின் வாய்ச்சொல் போதாது. மாநகராட்சியின் நலவாழ்வு மையங்களுக்கு எழுதும்போது முகவரியில் கவனம் தேவை: 2025இல் நகரின் பழைய ஒற்றை மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. உங்கள் களப்பகுதி எந்த மாநகராட்சியில் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். பழைய பெயருக்கு எழுதிய கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். கடிதம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

5. ஒப்புதல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒரு வீட்டுக்கு ஒரு படிவம் போதாது. பெரியவரிடம் மூன்று தனித்தனி ஒப்புதல்கள்: மாத்திரைக் கணக்குக்கு ஒன்று, நேர்காணலை ஒலிப்பதிவு செய்ய ஒன்று, அந்தப் பதிவைக் காப்பகத்தில் வைக்க ஒன்று. "சரி, பேசறேன், ஆனா டேப்புல வேணாம்" என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் அடக்கினால் அந்த இடம் போய்விடும்.

முன்னே சொன்ன மோதல் இந்தப் படியில்தான் வெடிக்கும். மில் வேலை நினைவுகளைச் சொன்ன ஒருவர் "என் பேரையே போடுங்க" என்பார். அது அவர் உரிமை. ஆனால் அதே பதிவில் தனக்குச் சர்க்கரை இருப்பதையும், மாத்திரைக்குப் பணம் இல்லாமல் விட்டதையும் சொல்லியிருப்பார். பெயரோடு பதிவு வெளியானால் மருத்துவத் தரவில் நீங்கள் மறைத்ததெல்லாம் வீண். ஆகவே ஒரே நபருக்கு இரண்டு எண்கள் கொடுங்கள். நேர்காணலுக்கு ஒன்று, மருத்துவத் தரவுக்கு வேறொன்று. இரண்டையும் இணைக்கும் பட்டியல் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்பில், வழிகாட்டியிடமும் உங்களிடமும் மட்டும் இருக்க வேண்டும். நோயைப் பற்றிய பேச்சைத் தனி ஒலிக்கோப்பாகவே பதிவு செய்யுங்கள். வாழ்க்கைக் கதையை முடித்து, பதிவை நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள். பின்னால் வெட்டி ஒட்டும் வேலை பாதியாகக் குறையும்.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, படிக்கத் தெரிந்த நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. வீட்டாராக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது நல்லது. படிவத்தின் மொழியைத் தமிழ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டிக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம், மகனுக்குக் கன்னடப் படிவம் வேண்டும், மருமகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் தமிழே படிப்பார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எடுத்துப் போங்கள். ஒரு பிரதியை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு: பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம். அதோடு, ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் வாய்மொழி இசைவு, 12க்கு மேல் 18 வரை எழுத்து இசைவு. பெற்றோர் வெளியூரில், பாட்டிதான் வளர்க்கிறார் என்றால் சட்டப்படியான காப்பாளர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரகசியத்துக்கு உள்ள எல்லையையும் தகவல் தாளில் சொல்லியாக வேண்டும்: பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. "எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

6. கருவிகளை அந்தத் தெருவின் தமிழில் எழுதுங்கள்

வழக்கமான முறை: இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்து, ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவார். இது தேவைதான், ஆனால் போதாது. இருவரும் பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் மறுமொழிபெயர்ப்பு அழகாகப் பொருந்தும். ஸ்ரீராம்புரத்தில் ஒருவருக்கும் புரியாது. ஆய்வுப் பகுதிக்கு வெளியே எட்டுப் பத்து வீடுகளில் முன்சோதனை செய்து, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் "நான் இப்ப என்ன கேட்டேன்னு உங்க வார்த்தைல சொல்லுங்க" என்று கேளுங்கள்.

"கடந்த ஏழு நாட்களில் மருந்து உட்கொள்ளத் தவறியதில்லை அல்லவா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் தவறினார் என்றா, தவறவில்லை என்றா? எதிர்மறைக் கேள்விகளை ஒன்றுவிடாமல் நீக்குங்கள். "போன வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும் என்ற தொனி கேள்வியிலேயே இருப்பதால் உண்மை வரும்.

மாத்திரைக் கணக்கு எளிது, பிசகுவதும் எளிது. வாங்கியது 60 மாத்திரை, தினம் இரண்டு. இருபதாம் நாள் போகிறீர்கள்; 40 தீர்ந்திருக்க வேண்டும். கையில் 26 இருந்தால் சாப்பிட்டது 34. 34ஐ 40ஆல் வகுத்தால் 85 சதவீதம். 80 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று கொள்வது பொதுவான வழக்கம். 100ஐத் தாண்டினால் அதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு இரண்டாகப் போட்டிருக்கலாம். போன மாத அட்டை இந்த மாதத்தோடு கலந்திருப்பது, தாத்தாவும் பாட்டியும் ஒரே டப்பாவிலிருந்து எடுப்பது, பத்து பத்தாக வாங்குவதால் தேதி தெரியாமல் போவது என்று கணக்கைக் கெடுப்பவை பல. அதனால் "எப்ப வாங்கினீங்க, அப்ப வீட்ல மிச்சம் எவ்வளவு இருந்தது, வேற யாராவது இதையே சாப்பிடறாங்களா" என்ற மூன்றையும் முதலில் கேட்டுவிட்டு எண்ணுங்கள்.

பிள்ளையின் வாசிப்புப் பணிக்குப் பாட்டியின் நிஜ மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அட்டையும் சீட்டும் காட்டினால்தான் ஒப்பிட முடியும். ஆறு கூறுகள்: மருந்தின் பெயர், அளவு, வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், காலாவதி. ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1. "1-0-1" என்பதை மூன்று வேளையும் என்று படிக்கும் பிள்ளை இருக்கும். நடுவிலுள்ள பூஜ்யம் என்றால் மதியம் மாத்திரை இல்லை என்று பள்ளியில் யாரும் சொல்லித்தருவதில்லை. "08/26" என்றால் ஆகஸ்ட் 2026 என்பதற்குப் பதிலாக எட்டாம் தேதி என்று படிப்பதும், தயாரித்த தேதியைக் காலாவதி என்று சொல்வதும் எதிர்பார்க்கக்கூடியவை. மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டித் தரும்போது தேதி அச்சான பாதி கடையிலேயே தங்கிவிடும். ஆகவே மாதிரி அட்டைகளில் ஒன்று வெட்டியதாக இருக்கட்டும். "இதுல தேதி இல்ல" என்று சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

பதிலை இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். இருவரும் எத்தனை சதவீதம் ஒத்துப்போனார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். நூறு பதில்களில் 85ஐ இருவரும் சரி என்றும், 5ஐ இருவரும் தவறு என்றும் போட்டு, மீதிப் பத்தில் ஐந்தை ஒருவர் மட்டும், ஐந்தை மற்றவர் மட்டும் சரி என்று போட்டால் ஒப்புமை 90 சதவீதம். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து அளக்கும் கோஹென் காப்பா வெறும் 0.44. பெரும்பாலானவை சரியாக இருக்கும்போது தற்செயலாகவே ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். அப்படி வந்தால் மதிப்பீட்டு விதிகளை உதாரணங்களோடு திருத்தி எழுதிவிட்டு மறுபடி மதிப்பிடுங்கள்.

7. எத்தனை வீடு, எந்த வீடு

விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் பிழை வரம்புக்குள் மதிப்பிட வேண்டுமானால் கணக்கு இது: 1.96இன் வர்க்கத்தை 0.5ஆலும் மறுபடி 0.5ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384. தெருக்களைக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் 1.5ஆல் பெருக்க 576. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 640 வீடுகள். தனி ஆளாக இது முடியாது. முதுகலை மாணவர் 40 முதல் 60 வீடுகளை எடுத்து, சதவீதம் பேசாமல், பிழைகள் எப்படி நேர்கின்றன என்று ஆழமாக எழுதுவதே நேர்மையானது.

தமிழ் வீடுகளின் பட்டியல் எங்கும் கிடைக்காது. வீட்டுப் பட்டியலை நீங்களே நடந்து எடுக்க வேண்டும். பெயர்ப் பலகையைப் பார்த்துத் தமிழர் என்று முடிவுசெய்யாதீர்கள். கன்னட, தெலுங்குக் குடும்பங்களும் அதே தெருவில், அதே பெயர்களோடு இருக்கின்றன. "வீட்ல பெரியவங்க உங்ககிட்ட எந்த பாஷைல பேசுவாங்க?" என்ற ஒரே கேள்வியை எல்லா வீட்டிலும் கேளுங்கள். தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி வழியாக மட்டும் ஆள் பிடித்தால் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளே அதிகம் வரும். உங்கள் கேள்விக்கான விடையே திரிந்துவிடும்.

8. களத்தில்

ஜூன் மாதப் பள்ளித் திறப்பும் மார்ச் தேர்வும் வேண்டாம். தசரா விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள், முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பிள்ளையின் பணியைப் பாட்டியின் கண்ணெதிரே நடத்தினால் இரண்டு கெடுதல். பிள்ளை பயந்து தடுமாறும்; தவறாகப் படித்தால் "இத்தன நாளா இப்படித்தான் சொன்னியா" என்று அன்றைக்கே வீட்டில் பழி விழும். பார்வையில் படும் தூரத்தில், காது எட்டாத இடத்தில் உட்காருங்கள். முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும், சரியாகச் செய்தவர்களுக்கும்கூட, ஆறு கூறுகளையும் பொறுமையாக விளக்கிவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணைக் குடும்பத்தில் யாரிடமும் சொல்லக்கூடாது.

பெரியவர் பேட்டியில் "இங்க எப்ப வந்தீங்க" என்று தொடங்கி, 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி நடந்த கலவரத்தை அவர் தொடக்கூடும். நீங்களாகத் தூண்டாதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், முடிந்தபின் "இதப் பதிவுல வெச்சுக்கலாமா, எடுத்துடட்டுமா?" என்று கேட்டு, சொன்ன பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவியை ஓர் அடி தூரத்தில், துணி விரித்து வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். போனில் பதிவதானால் விமானப் பயன்முறையில் போடுங்கள். அரை நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 320 எம்.பி. வரும். அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுத்தால்தான் தூங்கப் போகலாம்.

9. எழுத்தாக்கமும் கோப்பும்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கன்னடம் கலந்த பேச்சுக்கு இன்னும் கூடும். "கெலசத்துக்குப் போயிட்டு" என்று சொன்னதை "வேலைக்குச் சென்றுவிட்டு" என்று திருத்தி எழுதினால் உங்கள் மொழித் தரவு அங்கேயே அழிந்துபோகும். எழுத்து விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, எழுத்தாக்கம் செய்யும் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைத் தேடவோ குறியீடு போடவோ முடியாது. கோபோடூல்பாக்ஸ் என்ற களத்தரவுச் செயலியில் திரட்டிய தமிழ்ப் பதில்களை எக்செல்லில் நேராகத் திறந்தால் எழுத்து குலையலாம். இறக்குமதி வழியாக, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

10. பகுப்பாய்வு, ஆய்வேடு, திரும்பப் போதல்

மூன்று தரவுகளையும் மூன்று இயல்களாகப் பிரித்து எழுதினால் மூன்று சின்ன ஆய்வுகள்தான் மிஞ்சும். ஒரு பெரிய அட்டவணை போடுங்கள்: வரிசைக்கு ஒரு வீடு, பத்திகளில் தமிழ் எழுத்து நின்றுபோன தலைமுறை, பிள்ளையின் பயிற்றுமொழி, ஆறில் எத்தனை, மாத்திரைச் சதவீதம், பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம். பிள்ளை நன்றாகப் படித்தும் மாத்திரை விட்டுப்போகும் வீடுகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். காரணம் மொழியல்லாமல் பணமாகவோ, பக்கவிளைவுப் பயமாகவோ இருக்கலாம். அதை நேர்காணல்தான் சொல்லும்.

முனைவர் பட்ட ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் எல்லோருக்கும் திறந்திருக்கும். "மூன்றாவது கிராஸ், இரண்டு பேரன்கள், பின்னியில் ஃபிட்டர்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை, தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். மருத்துவத் தரவு வரும் பக்கங்களில் இவற்றைப் பொதுமைப்படுத்துங்கள். பிறர் எழுத்தை நகலெடுத்ததைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை; அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை வரும். ஆய்வு ஆவணங்களை முடிந்த பிறகு குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முடிவுகளை ஒரு பக்கத்தில், தமிழிலும் கன்னடத்திலும், பெரிய எழுத்தில் அச்சிட்டுப் போன வீடுகளுக்கெல்லாம் கொடுங்கள். படிக்காதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இன்னொரு பக்கம் அந்த வட்டாரத்து நம்ம கிளினிக்குக்கும் மெடிக்கல் ஷாப்காரர்களுக்கும் போகட்டும்: ஆறில் எந்தக் கூறில் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள், அட்டையை வெட்டும்போது தேதியுள்ள பகுதியை வாங்குபவரிடம் தரவோ தேதியைக் கவரில் எழுதவோ முடியுமா, சீட்டில் "1-0-1"க்குப் பக்கத்தில் சூரியன், நிலா படம் போட முடியுமா என்று.